மிடில்வெயிட் ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சாலைக்கு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு 650 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கை ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் ஈர்ப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லாரியை முந்துவதற்குக் கியரைக் குறைக்க வேண்டாம்; வலக்கையை இலேசாகத் திருகினால் போதும், வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். 1000 சிசி சூப்பர்பைக்கில் முதல் கியரிலேயே சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தாண்டிவிடலாம் என்பதால், அதன் திறனில் பெரும்பகுதி சாலையில் வெளிப்படுவதே இல்லை. மிடில்வெயிட் எனப்படும் இந்த நடுத்தர அளவு வண்டியில் இருக்கிற திறனைப் பயன்படுத்தவும் முடியும், திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில் அலுவலகத்துக்குப் போகவும் முடியும். இவ்வளவு நல்ல வண்டியைச் சிலர் ஆறே மாதத்தில் மனம் கசந்து விற்றுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தக் கசப்புக்கான காரணங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை.

முதல் தவறு காகிதத்தில் நிகழ்கிறது. உச்சக் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் யமஹா ஆர்6 சுமார் 118 குதிரைத்திறன் தந்தது. கவாசாகி நிஞ்ஜா 650 தருவது 68 மட்டுமே. இதைப் படிப்பவர் முதல் வண்டிதான் ஏறக்குறைய இரு மடங்கு வலிமையானது என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் சக்கரத்தைச் சுழற்றித் தள்ளும் முறுக்குவிசையைப் பாருங்கள். ஆர்6 தன் உச்சமான 61.7 நியூட்டன் மீட்டரை 10,500 ஆர்பிஎம்மில்தான் (இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுழலும்போதுதான்) எட்டுகிறது. நிஞ்ஜா 650 அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 64 நியூட்டன் மீட்டரை 6,700 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. ஆர்6 போன்ற 600 சிசி சூப்பர்ஸ்போர்ட் வண்டிகளின் இன்ஜின்கள் பந்தய விதிகளை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றின் நான்கு சிலிண்டர்களும் வால்வுகளும் காற்றுப்பாதையும் மிக உயர்ந்த சுழற்சியில் நன்றாக மூச்சுவிடும்படி அமைக்கப்பட்டவை என்பதால், நகரத்தில் நாம் வைத்திருக்கும் 4,000 ஆர்பிஎம்மில் அவை சோர்ந்தே இருக்கும். முதல் கியரும் நீளமானது, அதாவது அதிக வேகம் வரை செல்லும்படி அமைந்தது. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட நேரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அதே வண்டி ஓர் அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் தினசரிப் பயணம் கத்திப்பாரா வழியாகத்தான் நடக்கிறது. தெருவில் ஓட்டப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 3,000 முதல் 7,000 ஆர்பிஎம் வரை இந்த இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது?

ஷோரூமிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது அடுத்த தவறு. இதை நானும் செய்திருக்கிறேன். குனிந்த இருக்கை நிலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுக்குச் சுமை தெரியாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் அந்தத் தாங்கல் இல்லாமல் உடலின் எடை உள்ளங்கைகளில் இறங்கும். அந்தப் பத்து நிமிடம் காலியான சாலையில் கழிந்ததால் எனக்கு இது தெரியவில்லை. முதல் வாரத்திலேயே, சிக்னலில் நிற்கும்போது கட்டைவிரலின் அடிப்பகுதி மரத்துப்போகத் தொடங்கியது. ஒரே வகை வண்டிகளுக்குள்ளேயே இதில் பெரிய வேறுபாடு உண்டு: யமஹா ஆர்7இல் ஹேண்டில் தாழ்வாக இருக்கிறது, நிஞ்ஜா 650இல் உயர்ந்து நிற்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள். முழங்கால்களால் டேங்க்கைப் பற்றி, முழங்கைகளைத் தளர்த்தி வைத்தும் வலி குறையவில்லை என்றால், அந்த வண்டி உங்கள் உடலுக்கானது அல்ல.

சஸ்பென்ஷனை இறுக்கினால்தான் ஸ்போர்ட்ஸ் வண்டி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பந்தயத் தளத்தின் வழவழப்பான தார்ப்பரப்பில் அது பொருந்தும். நம் சாலையின் ஒட்டுப்போட்ட பள்ளங்களில் இறுகிய ஸ்பிரிங், டயரைத் தரையோடு ஒட்டி ஓடவிடாமல் துள்ளவிடும். துள்ளும் கணத்தில் பிடிமானம் அறவே இல்லை. நீங்கள் உட்காரும்போது வண்டி சுமார் 30 முதல் 40 மில்லிமீட்டர் அமர்கிறதா என்று ஒரு நண்பரை அளவு நாடாவோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை. பந்தயக் கலவை டயர்களும் இப்படித்தான். அவை சூடேறினால்தான் பிடிக்கும், சாலை வேகத்தில் அந்தச் சூடு வருவதில்லை, வடகிழக்குப் பருவமழையில் அவற்றின் குறைவான வரிப்பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதும் போதாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

மின்னணுக் கருவிகளை அளவுக்கு மீறி நம்புவது இன்னொரு தவறு. ஏப்ரிலியா ஆர்எஸ் 660இல் வண்டியின் சாய்வை உணர்ந்து செயல்படும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) இருக்கிறது; நிஞ்ஜா 650இல் உள்ளது சாதாரண ஏபிஎஸ். இரண்டுமே தரையில் இல்லாத பிடிமானத்தை உருவாக்கித் தந்துவிடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், ஏதோ லாரியிலிருந்து கொட்டிய மணல் வளைவின் உள்விளிம்பில் மெல்லிய படலமாகக் கிடந்தது. வெயிலில் அது தார் நிறத்தோடு கலந்து, இருபது அடிக்குள் வந்த பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்திருந்ததால் வண்டியை நிமிர்த்தி, வெளிப்பக்கமாகக் கடக்க முடிந்தது. சாய்ந்த நிலையில் பிரேக்கைப் பிடித்திருந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றியிருக்காது.

பணத்தை முழுவதும் வண்டியிலேயே போட்டுவிடுவதையும் சொல்ல வேண்டும். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜிஎஸ்டி இருப்பதால் பட்ஜெட் எளிதில் கரைந்துவிடுகிறது. ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், பூட்ஸ் ஆகியவற்றுக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, பலரும் தள்ளிப்போடும் ஒரு பயிற்சி இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு விரல்கள் லீவரை எட்டுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடக்கூடும். ஆளில்லாத மைதானத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, மணிக்கு 40 கிலோமீட்டரில் தொடங்கி, கோட்டை எட்டியதும் முன்பிரேக்கை இரு விரல்களால் முதலில் மென்மையாகவும் முன்சக்கரம் தரையில் அழுந்திய பிறகு பலமாகவும் பிடித்து, கோட்டைத் தாண்டி எத்தனை அடியில் நிற்கிறீர்கள் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.