அமெரிக்கக் கல்லூரியில் முழு மெரிட் ஸ்காலர்ஷிப்: நான் பட்டியல் போட்ட முறை

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் இரவு பத்து மணிக்கு மேல் நான் படித்ததெல்லாம் கல்லூரிகளின் பி.டி.எஃப். கோப்புகள்தான். எந்தக் கல்லூரி மெரிட்டுக்கு, அதாவது மதிப்பெண், திறமைக்கு, முழுசாகப் பணம் தரும் என்று எப்படித் தேடினீர்கள் என்று இப்போது நண்பர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்கிறார்கள். ஒரே கதையை ஐந்து முறை சொல்லியாயிற்று, ஆறாவது முறைக்கு இந்தப் பதிவு. எஸ்.ஏ.டி. (சேர்க்கைக்கான தேர்வு), காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெரிய பெயர்களைத் தனியே எடுத்து வையுங்கள்

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் என்று ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. எம்.ஐ.டி.யும் அப்படித்தான். அங்கே உதவி என்பது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. வருமானம் குறைவென்றால் அது மெரிட்டைவிட நல்ல வழி. கல்லூரியின் தளத்திலேயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் பக்கம்) இருக்கும், முதலில் அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு வருமானம் உதவி கேட்பதற்கு அதிகம், கட்டணம் கட்டுவதற்குக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் மீதிப் படிகள்.

படி 2: ‘ஃபுல்’ என்றால் எது ஃபுல்?

முதல் வாரமே பத்துக் கல்லூரிகளை ‘முழு ஸ்காலர்ஷிப்’ என்று தலைப்புப் போட்டு ஷீட்டில் ஏற்றிவிட்டேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல சாப்பாடு எங்க இருக்கு?” என்றாள். பார்த்தால் ஏழு கல்லூரிகள் ‘ஃபுல் டியூஷன்’ மட்டும். நமக்கு டியூஷன் என்றாலே சாயந்திரம் வாத்தியார் வீட்டில் கணக்குப் போடுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே அது படிப்புக் கட்டணம். விடுதி, சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்கு வெளியே. பெரிய நகரத்துத் தனியார் கல்லூரியில் விடுதியும் சாப்பாடும் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

எனவே ஷீட்டில் இரண்டு பத்திகள் (column) வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டீ ஸ்காலர்ஷிப், வாண்டர்பில்ட்டின் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் ஸ்காலர்ஷிப் போன்றவை படிப்புக் கட்டணப் பத்தியில் வரும். விடுதி, சாப்பாடு வரை சேர்த்துத் தருபவை இன்னொரு பத்தியில்: சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலையின் மோர்ஹெட்-கெய்ன், அதே பல்கலையும் டியூக்கும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன், வர்ஜினியா பல்கலையின் ஜெஃபர்சன், ரிச்மண்ட் பல்கலையின் ரிச்மண்ட் ஸ்காலர்ஸ். இந்த இரண்டாவது பத்தியில் போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

படி 3: காமன் டேட்டா செட்

என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்ட படி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் ஒரு புள்ளிவிவரக் கோப்பு வெளியிடுகின்றன. அதன் பெயர் காமன் டேட்டா செட். கல்லூரியின் பெயரையும் இந்த மூன்று சொற்களையும் கூகுளில் போட்டால் போதும். விளம்பரப் புத்தகத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். பணம் யாருக்குப் போகிறது என்பது இந்தக் கோப்பில்தான் தெரியும்.

கோப்பைத் திறந்து எச் (H) பிரிவுக்குப் போங்கள். எச்2 அட்டவணையில் ‘ஏ’ வரி மொத்த மாணவர்கள், ‘சி’ வரி அவர்களில் பண உதவி தேவை என்று கல்லூரி கணக்கிட்டவர்கள். அதற்குக் கீழே எச்2ஏ. அதில் ‘என்’ (N) வரிதான் நமக்கு முக்கியம்: உதவி தேவைப்படாதவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்திலிருந்து ஸ்காலர்ஷிப் கொடுத்தது. விளையாட்டு ஸ்காலர்ஷிப் இதில் சேராது. அடுத்த ‘ஓ’ வரி அதன் சராசரித் தொகை.

முதல் தடவை நான் செய்த கூத்து இது. அட்டவணையில் முதல் பத்தி புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள், இரண்டாவது பத்தி எல்லா ஆண்டு மாணவர்களும். ‘ஏ’யை முதல் பத்தியிலும் ‘என்’னை இரண்டாவது பத்தியிலும் எடுத்து வகுத்துவிட்டு, “இந்தக் கல்லூரியில் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள்” என்று மனைவியை எழுப்பிச் சொன்னேன். காலையில் பார்த்தால் நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்! கண்ணை மூடிக்கொண்டு முதல் பத்தியிலேயே நில்லுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கல்லூரியில் ஏ 1,000, சி 550. ஆக, உதவி தேவைப்படாதவர்கள் 450 பேர். ‘என்’ 400, ‘ஓ’ 22,000 டாலர். கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைக்கிறது. அதாவது இது ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்த தள்ளுபடி. கட்டணம் 60,000 என்றால் இன்னும் 38,000 நீங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டாவது கல்லூரியில் உதவி தேவைப்படாதவர்கள் 700 பேர், ‘என்’ வெறும் 40, ‘ஓ’ 48,000. கிடைப்பவர் குறைவு, கிடைத்தால் ஏறக்குறைய முழுசு. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. முதல் வகையைப் பார்த்து மயங்கித்தான் நான் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

கோப்பை மூடும் முன் சி9 பகுதியையும் பாருங்கள். சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. (அதே போன்ற இன்னொரு தேர்வு) மதிப்பெண்கள் அதில் இருக்கும். பிள்ளையின் மதிப்பெண் 75ஆம் சதமானத்துக்கு மேலே, அதாவது நாலில் மூன்று பேரைவிட அதிகமாக, இருக்கும் கல்லூரியில்தான் முழுத்தொகை கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. நடுவில் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள், பணம் வராது.

படி 4: தேதி

சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜனவரி என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஸ்காலர்ஷிப்புக்கான தேதி பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். பாஸ்டனின் டிரஸ்டீக்கு டிசம்பர் 1. எமரி பல்கலையின் ஸ்காலர்ஸ் திட்டத்துக்கு நவம்பர் நடுவிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நாங்கள் பார்த்த தேதிகள் இவை, உங்கள் ஆண்டுக்குக் கல்லூரித் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. சில இடங்களில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் காமன் ஆப்பில் இருக்காது, கல்லூரியின் சொந்த போர்ட்டலுக்குள் (விண்ணப்பித்தவர்கள் உள்நுழையும் தளம்) இருக்கும். அந்த போர்ட்டலோ, காமன் ஆப் அனுப்பிச் சில நாள் கழித்துத்தான் திறக்கும். ஒரு கல்லூரிக்கு நாங்கள் கடைசி நாளுக்கு முந்தின நாள் அனுப்பினோம். போர்ட்டல் மின்னஞ்சல் வந்தபோது ஸ்காலர்ஷிப் தேதி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஷீட்டில் அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்கூட்டியே அனுப்பினோம்.

படி 5: தொடர்ந்து கிடைக்க என்ன நிபந்தனை?

நான்கே கேள்விகள். நான்கு வருடமும் உண்டா, ஜி.பி.ஏ. (4.0-க்குக் கணக்கிடும் கல்லூரிச் சராசரி மதிப்பெண்) எவ்வளவு இருக்க வேண்டும், பாடப்பிரிவு மாறினால் போய்விடுமா, கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா. 3.0 கேட்டால் பரவாயில்லை. பொறியியல் படிக்கப்போகிற பிள்ளைக்கு 3.5 என்றால் நான் யோசிப்பேன்.

கருவிகள்

சாதாரண கூகுள் ஷீட் போதும். ஸ்காலர்ஷிப் தேடித் தருகிறேன் என்று முதல் பக்கத்திலேயே போன் நம்பர் கேட்கும் தளங்கள் எனக்குப் பிடிக்காது. ஒன்றில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கடன் விற்பவர்களிடம் பேசினேன். தரவரிசைப் பட்டியல்களும் இந்த வேலைக்கு உதவாது, அவற்றில் பெரும்பாலானவை மெரிட் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்சேர்க்கை 1: நேஷனல் மெரிட் (பள்ளி மாணவர்களுக்கான நாடு தழுவிய ஸ்காலர்ஷிப் போட்டி) பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வுதான் அதற்கு வாசல். அமெரிக்கப் பள்ளியில் படிப்பவர்கள் கலந்துகொள்ளலாம், வெளிநாட்டில் படிப்பவர்களுக்குக் குடியுரிமை நிபந்தனை உண்டு. நேரடிப் பரிசு ஒரே ஒரு முறை 2,500 டாலர், அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். ஃபைனலிஸ்ட் (இறுதிச் சுற்றுக்கு வந்தவர்) ஆனால் அலபாமா பல்கலை, டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலை போன்றவை தனியே பெரிய தொகை தருகின்றன. அந்தக் கல்லூரியை ‘முதல் விருப்பம்’ என்று நேஷனல் மெரிட் தளத்தில் குறிக்க மறந்தால் கைக்கு வந்தது நழுவிவிடும்.

பின்சேர்க்கை 2: தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு தம்பி, “அண்ணா, எச்2ஏ எனக்கும் பொருந்துமா?” என்று கேட்டிருந்தார். பொருந்தாது தம்பி. நீங்கள் எச்6 பாருங்கள், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்று அங்கே தனியாக இருக்கும். அந்தச் சராசரி மொத்தச் செலவை நெருங்கினால் மட்டும் ஷீட்டில் ஏற்றுங்கள். இன்னொன்று: விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வரும் ஸ்காலர்ஷிப் தொகைக்கு இங்கே அமெரிக்காவில் வரி உண்டு, படிப்புக் கட்டணத்துக்கு வருவதற்கு இல்லை. எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு வரி விலக்குகள் எதுவும் பொருந்தாவிட்டால், அந்தப் பகுதியில் 14 விழுக்காட்டைக் கல்லூரியே பிடித்துக்கொண்டு தரும். அதற்கும் ஒரு பத்தி போட்டுவிடுங்கள்.