வினைகளை வகைப்படுத்துகிறீர்களா? முதலில் ஏடிபியைக் கவனியுங்கள்

எந்த வேதிவினையை நீக்கினால் செல் வளராது, அதாவது எது அவசியமான வினை என்பதை, செல்லின் வினைகளைக் கோர்த்துப் போட்ட வரைபடமான வளர்சிதைமாற்ற வலையமைப்பின் அமைப்பை வைத்தே இயந்திரக் கற்றலால் கணிக்க இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நான் முதல் வருடம் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. சின்னச் சின்னப் பிழைகள் தாமாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏடிபியையும் தண்ணீரையும் அப்படியே விடுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு வினையில் உண்டாகும் பொருளை இன்னொரு வினை பயன்படுத்தினால் இரண்டுக்கும் நடுவே கோடு போடுகிறோம். சரி. ஆனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை உண்டாக்கும் ஒவ்வொரு வினையும், அதைச் செலவழிக்கும் எல்லா வினைகளோடும் ஒட்டிக்கொள்கிறது.

என் பிட்வீன்னஸ் (மற்ற வினைகளுக்கு இடையிலான குறுகிய பாதைகள் ஒரு வினை வழியே எவ்வளவு போகின்றன என்ற அளவு) பட்டியலின் உச்சியில் ஏடிபி பராமரிப்பு வினை வந்தது. செல்லின் அன்றாட ஆற்றல் செலவைக் காட்ட வளர்சிதைமாற்ற மாடலில் எழுதிச் சேர்ப்பது அது; அதற்கு நொதியும் இல்லை, மரபணுவும் இல்லை. அதையே வலையமைப்பின் மையம் என்று நம்பி மூன்று மாதம் போனது.

ஏடிபி, தண்ணீர், புரோட்டான் என்று பட்டியல் போட்டு நீக்கினால் முடிந்ததா? இல்லை. ஈ.கோலை பாக்டீரியா குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது பாஸ்போஈனால்பைருவேட் தன் பாஸ்பேட்டை அதற்குக் கொடுத்துவிட்டுப் பைருவேட் ஆகிறது. வலையமைப்பில் பார்த்தால் குளுக்கோஸிலிருந்து பைருவேட்டுக்கு ஒரே படி. ஆனால் உள்ளே வந்த குளுக்கோஸின் கார்பன் ஒன்றுகூட அந்தப் பைருவேட்டில் கிடையாது. இந்த இரண்டு பொருள்களும் யாருடைய நீக்கல் பட்டியலிலும் இருக்காது.

கார்பன் உண்மையில் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வினையிலும் பார்த்து, அந்த ஜோடிகளை மட்டும் இணையுங்கள். 2004-லேயே மசனோரி அரிட்டா இப்படிக் கார்பனைப் பின்தொடர்ந்து, ஈ.கோலையின் பாதைகள் அதுவரை நினைத்ததைவிட மிக நீளமானவை என்று காட்டிவிட்டார்.

உயிர்த்திரள் வினை

செல் வளர்வதைக் காட்ட வளர்சிதைமாற்ற மாடலில் எழுதிச் சேர்க்கும் வினை இது. அம்சங்களை, அதாவது கணிக்கும் மாடலுக்குக் கொடுக்கும் அளவுகளை, கணக்கிடும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மொத்தத் துல்லியம்

காட்டாதீர்கள். அவசியமான வினைகள் சிறுபான்மை. எல்லாமே அவசியமில்லை என்று சொல்லும் கணிப்பு மாடலுக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

ஒரே பாதையைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் தயாரிப்பு, கிளையில்லாத 10 படிச் சங்கிலி. அதில் ஏழு பயிற்சியிலும் மூன்று சோதனையிலும் விழுந்தால், மாடல் பக்கத்து வினையைப் பார்த்து எழுதுகிறது, அவ்வளவுதான். பாதையை முழுதாக ஒரு பக்கம் வையுங்கள். அப்புறம், எந்த வளர்ப்பு ஊடகத்தில் எடுத்த லேபிள் (அவசியமா இல்லையா என்ற விடை) என்றும் குறித்துவையுங்கள். ஊடகத்திலேயே ஹிஸ்டிடின் இருந்தால் அந்தப் பத்துப் படிகளும் இல்லாமலே செல் ஹிஸ்டிடினைப் பெற்றுக்கொள்ளும்.