நந்தியாவட்டையில் ஒரு பொய்க்கண்: புழு வளர்த்துப் பார்க்கும் முறை

விலங்குகளின் உடலில் உள்ள கண்புள்ளி, அதாவது கண் போலத் தெரியும் வட்டம், எதற்கு என்று அறிய காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி, இந்த மூன்றில் ஒன்று வாசலில் இருந்தால் போதும். கண்புள்ளி உள்ள அரளி அந்துப்பூச்சியின் புழு அங்கே வரும்.

கிளை நுனி மொட்டையாகி, கீழே மிளகு போல எச்சம் உருண்டு கிடந்தால் நேர் மேலே இலைகளின் அடிப்புறத்தைத் தேடுங்கள். பச்சை உடல், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, வால் முனையில் சிறு மஞ்சள் கொம்பு. புழுவைப் பிய்த்து எடுக்காதீர்கள். காம்பை இறுகப் பிடித்திருக்கும், இழுத்தால் காயம்படும். கிளையோடு நறுக்குங்கள். நறுக்கினால் வடியும் பால் நஞ்சு, அதிலும் அரளிப்பால் கடும் நஞ்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புழுவின் தோலில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தால் அது ஒட்டுண்ணி ஈயின் வேலை. அந்தப் புழு பிழைக்காது.

5 லிட்டர் டப்பாவில் இரண்டு புழு போதும். மூடிக்குப் பதில் கொசுவலை கட்டி, அடியில் செய்தித்தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே இலையை, ஈரம் துடைத்துப் போடுங்கள். ஈரமும் எச்சமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புழு கழிந்து துவண்டுவிடும். மருந்தடித்த செடியின் இலை வேண்டவே வேண்டாம்.

விரல் நீளம் வளர்ந்தபின் மெல்லிய தூரிகையால் முன்னுடம்பைத் தொடுங்கள். தலையை உள்ளுக்கிழுத்து, மார்பை உப்பவைக்கும். அதுவரை தோல் மடிப்பில் பாதி மறைந்திருந்த இரு வட்டங்கள் விரியும்: நடுவில் வெண்மை, சுற்றிலும் நீலம், ஓரத்தில் கருப்பு. அசல் கண்கள் தலையில் கடுகைவிடச் சிறியவை. இந்தப் பொய்க்கண்களோ மார்பின் மூன்றாம் கணுவில் இருக்கின்றன. எந்நேரமும் தெரிந்தால் பச்சை உடலின் ஒளிவு கெடும். அதனால்தான் ஆபத்து வந்ததும் சட்டென்று திறப்பு. கொத்த வந்த குருவி ஒரு நொடி தயங்கினாலே புழுவுக்கு லாபம். நாளுக்கு ஒருமுறைக்கு மேல் சீண்டாதீர்கள். தீனி எடுப்பதை நிறுத்திவிடும்.

கடைசியில் முதுகு பழுத்த இலை நிறமாகி, தின்னாமல் டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஊரும். நோயென்று வெளியே எறிந்துவிடாதீர்கள், கூட்டுப்புழுவாக மாற இடம் தேடுகிறது. 5 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த சருகு போட்டு, சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளிவரும் அந்து ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை சுருங்கியே உலர்ந்துவிடும். இறக்கை நன்றாக விரிந்தபின், அந்தி சாய்ந்ததும், எடுத்த செடியருகிலேயே விடுங்கள்.