மனைவியின் மகன் என் மகனானது

என் மனைவியின் முதல் கணவர் நோயில் இறந்துவிட்டார். எங்கள் திருமணத்துக்குப் பின் அவர்களுடைய மகனைச் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுத்தேன். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பதிவு செய்தோம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். ஆணை வந்துவிட்டது. பையன்தான் ஒட்டவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

கண்டிப்பை மனைவியிடமே விட்டேன். வீட்டுப்பாடம், போன், தூங்கும் நேரம் எதுவானாலும் "அம்மா சொன்னபடி செய்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாசம் வேர்விடும் முன்னே அதட்டினால் பிள்ளை விலகிப்போகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்கமாட்டான். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் தானாகவே பேசினான். அதனால் ஞாயிறு காலையை அதற்கென்றே ஒதுக்கினேன். அப்போது போனைத் தொடமாட்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அவனைப் பெற்ற அப்பா. அவர் படம் கூடத்திலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க நானே அவனை வைகைக் கரைக்கு அழைத்துப் போகிறேன். "அப்பா எப்படிப் பந்து போடுவார்?" என்று கேட்டால் எழுந்து நின்று போட்டே காட்டுவான். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகுமோ என்ற பயம் விலகிய பிறகுதான் நெருங்கினான். இப்போது பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால், "நீங்களே வாங்க" என்கிறான்.