ஏரி தெரியாத கடையில சாப்பிடுங்க: கொடைக்கானல் வர்றவங்களுக்கு ஒரு வண்டிக்காரன் சொல்றது

சித்திரை பொறந்தாப் போதும், எனக்குப் போன் வர ஆரம்பிச்சிரும். "அண்ணே, குடும்பத்தோட கொடைக்கானல் வர்றோம், எங்கண்ணே சாப்பிடறது?" பதினாறு வருஷமா வத்தலக்குண்டுல இருந்து மளிகையும் முட்டையும் ஏத்திட்டு மேல போறேன். திரும்பும்போது கேரட்டு, முட்டைக்கோஸு, பீன்ஸு. ஓட்டல் முன்வாசல்ல என்ன போர்டு மாட்டியிருக்குன்னு கேட்டா முழிப்பேன். பின்வாசல்ல என்ன இறங்குது, எத்தனை நாளைக்கு ஒருதடவை இறங்குதுன்னு கேளுங்க, சொல்றேன். ஒரு கடை நல்ல கடையான்னு கண்டுபிடிக்க எனக்கு அது போதும்.

மொதல்ல இட்லி விஷயம். இட்லி, தோசையை வத்தலக்குண்டுலயே முடிச்சிருங்க. ஏரி இருக்கிற உயரம் சுமார் 2,100 மீட்டர். அந்தக் குளிருக்கு மாவு சீக்கிரம் புளிக்காது. மார்கழி, தை மாசத்துல கேட்கவே வேணாம், ராத்திரி கரைச்ச மாவு காலையில அப்படியே அசையாம உக்காந்திருக்கும். அடுப்புப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க, போர்வை போத்திப் பாப்பாங்க. கீழ இருந்து மாவு வாங்குறவங்களும் உண்டு, அந்த வாளியை நானே ஏத்தியிருக்கேன். அதுக்காக மேல இட்லியே கிடைக்காதுன்னு இல்ல. கல்லு மாதிரி இட்லியைத் தின்னுட்டு சமையக்காரரைத் திட்டாதீங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

அதே சமயம் மலை ஏறுறதுக்கு முன்னாடி வயித்தை ரொப்பாதீங்க. நாலு இட்லி, ஒரு காப்பி, போதும். என் மச்சான் ஒருதடவை திண்டுக்கல்ல இறங்கி, குடும்பமே ஆளுக்கொரு பிரியாணி சாப்பிட்டு, மேல ஒரு சிக்கன் அறுபத்தஞ்சும் தின்னுட்டு ஏறினார். டம்டம் பாறை தாண்டல, சின்னவன் ஆரம்பிச்சான். அவனைப் பாத்து அக்கா. அக்காவைப் பாத்து மச்சான். எலிவால் அருவி எதுத்தாப்புல அழகா விழுந்துக்கிட்டிருந்துச்சு, ஒருத்தரும் தலை நிமிந்து பாக்கல. பிரியாணி எங்கேயும் போயிராது, இறங்கும்போது சாப்பிட்டுக்கலாம்.

ஏத்தத்துல நிக்கிறதுன்னா ஊத்துங்கிற ஊர்ல நில்லுங்க. டீயும் வடையும் சூடா இருக்கும், பஸ்ஸுக நின்னு போற இடம்கிறதால சரக்கு தங்காது. அதை விட்டா பெருமாள்மலை. பழனி ரோடு வந்து சேர்ற முக்கு அது. சீசன்ல இங்கதான் மதியச் சாப்பாட்டை முடிக்கணும், காரணம் இருக்கு. ஏப்ரல், மே மாசத்துச் சனி, ஞாயிறுல வெள்ளி அருவியில இருந்து ஊருக்குள்ள நுழையுறதுக்குள்ள பொழுதே போயிரும். "ஊருக்குள்ள போய்ச் சாப்பிட்டுக்கலாம்"னு பெருமாள்மலையைத் தாண்டின எத்தனையோ பேர் காருக்குள்ள சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்கிறதைப் பாத்திருக்கேன். (காத்தழுத்தம் குறையக் குறைய அந்தப் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்க, கொஞ்ச நேரம் அழாம வரும்.)

வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு வேலை. வெளியூர் வண்டிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் கட்டாயம். அப்புறம், அஞ்சு லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மேல தடை இருக்கு. வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாங்க. ஒரு ஃபிளாஸ்க்கும் சேத்து எடுத்துக்கிட்டா வெந்நீர் கேட்டு அலைய வேண்டியதில்ல.

இப்ப ஏரிக்கு வருவோம். மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல ஓடையை மறிச்சு உண்டாக்கின ஏரி இது. சுத்தி நடந்தா அஞ்சு கிலோமீட்டர் வரும். காலையில ஏழு மணிக்கு நடங்க, படகுத்துறைப் பக்கம் ஒரு டீ குடிங்க, சாயங்காலம் மொளகா பஜ்ஜியும் சுட்ட சோளமும் வாங்கித் தின்னுங்க. கண்ணு முன்னாடி எண்ணெயில விழுறதை, கண்ணு முன்னாடி தணல்ல சுடுறதை நம்பலாம். உக்காந்து சாப்பிடுற சாப்பாட்டை மட்டும் ஏரிக்கரையில வச்சுக்காதீங்க. ஏன்னா ஏரி தெரியுற கடைக்கு ஒரே ஆள் ரெண்டாவது தடவை வரணும்கிற அவசியம் இல்ல. ஏரியைப் பாக்க வர்ற புது ஆள் தினமும் உண்டு. நாயுடுபுரத்துலயோ மூஞ்சிக்கல்லுலயோ இருக்கிற மெஸ்ஸு அப்படியில்ல. ஆட்டோக்காரர், பேங்க் ஊழியர், கொத்தனார்னு அதே ஆளுகதான் நாளைக்கும் வரணும். குழம்பு சரியில்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க. அந்த மாதிரி கடைக்கு நான் தினமும் சரக்கு இறக்குறேன், கொஞ்சங் கொஞ்சமா. ஏரிப்பக்கம் சில கடைக்கு வாரத்துக்கு ஒருதடவை மூட்டையா இறக்குறேன். நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. ஏரியைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடணும்னு வீட்டுல ஆசைப்பட்டா கார்ல்டன் ஓட்டல் இருக்கு. காசு கூட, ஆனா கணக்கு நேர்மையா இருக்கும்: பாக்குற காட்சிக்கும் சேத்துத்தான் கொடுக்கிறோம்னு தெரிஞ்சே கொடுக்கலாம்.

மெஸ்ஸுல மதியம் ஒரு மணிக்குள்ள போயிருங்க. இந்த உயரத்துல தண்ணி ஏறக்குறைய 93 டிகிரியிலயே கொதிச்சிரும், அதனால அரிசியும் பருப்பும் வேக நேரமாகும். ரெண்டாவது உலை வைக்கிறதுன்னா அவங்களுக்குப் பெரிய வேலை. ரெண்டரை மணிக்குப் போய் "சோறு இல்லையா"ன்னு கேட்டா, அவசரத்துல வடிச்ச நறுக்கரிசிதான் வரும். டீயும் இதே கதைதான். அவசரப்படுத்தாதீங்க. நல்லாக் கொதிக்க விட்டுக் கொடுக்கிறவர்தான் நல்ல டீ மாஸ்டர்.

மேல வேற மாதிரி சாப்பாடும் இருக்கு, அதைத் தவறவிடாதீங்க. 1845ல அமெரிக்கப் பாதிரிமாருங்க வந்து வீடு கட்டின ஊர் இது, அந்த ரொட்டி வாசனை இன்னும் போகல. அண்ணா சாலையில பேஸ்ட்ரி கார்னர்னு ஒரு சின்னக் கடை. பன்னு, மஃபின் எல்லாம் சூடா வரும், சீக்கிரம் தீந்தும் போயிரும், சாயங்காலம் போய் நின்னா வெறும் தட்டுதான். பி.டி. ரோட்டுல திபெத்துக்காரங்க கடையில மோமோவும் துக்பாவும் கிடைக்கும். மழை நாள்ல அந்த துக்பா சூப்பு தொண்டைக்கு இதமா இறங்கும். அதே ரோட்டுல கிளவுட் ஸ்ட்ரீட்டுல விறகடுப்புப் பீட்சா. எனக்குப் பீட்சா ருசி தெரியாது, ஆனா என் மக தெரிஞ்சவ, அவ சொல்லித்தான் எழுதுறேன். வட்டக்கானல்ல அல்தாஃப் கஃபே. இஸ்ரேல்காரப் பிள்ளைங்க கூட்டமா வந்து தங்குற ஊருங்கிறதால அந்தச் சாப்பாடே அங்க ஊருச் சாப்பாடு ஆயிருச்சு: தக்காளிக் குழம்புல முட்டையை உடைச்சு ஊத்துற ஷக்ஷூகா, கொண்டைக்கடலையை அரைச்ச ஹம்முஸ். அந்தப் பக்கத்துக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை மூட்டை போறதைப் பாத்து, ஏதோ சுண்டல் வியாபாரம்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். வட்டக்கானல் ரோடு குறுகல், பெரிய வண்டியைக் கொண்டுபோய் மாட்டிக்காதீங்க. அங்க யாராவது பக்கத்துல வந்து மெதுவா "காளான் வேணுமா"ன்னு கேட்டா, அது குழம்பு வைக்கிற காளான் இல்ல, போதைக் காளான். போலீஸ் கேஸு. நடையைக் கட்டுங்க.

ராத்திரிச் சாப்பாட்டை எட்டு, எட்டரைக்குள்ள முடிங்க. கடையும் சீக்கிரம் சாத்துவாங்க, அதுக்கப்புறம் காட்டுமாடு ஊருக்குள்ள நடமாடும். வளைவுல திரும்பினா திடீர்னு நிக்கும், ஹாரன் அடிக்காம நின்னு வழிவிடுங்க. மதுவைப் பத்திக் கேக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: எங்க வேணா குடிங்க, பைன் மரக்காட்டுல பாட்டிலை உடைக்காதீங்க. மாட்டுக்குச் செருப்பு கிடையாது.

வாங்கிட்டுப் போறதுல ரெண்டு ஏமாத்து நடக்கும். ஒண்ணு சாக்லேட். கையால செஞ்சதுன்னு எடை போட்டு விக்கிறதுல நெறைய, பாளம் பாளமா கீழ இருந்து வர்ற கட்டியை உருக்கி அச்சுல ஊத்தினது. அதுல கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா வேற எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். ஒரு துண்டை நாக்குல வச்சு மெல்லாம இருங்க. நல்லது தானா உருகிரும், மத்தது மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டும். இன்னொண்ணு பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து ரோட்டோரத்துல இருக்கிற பூண்டெல்லாம் மலைப்பூண்டு ஆயிருச்சு. நேரமிருந்தா பூம்பாறைக்கே போங்க, குழந்தை வேலப்பரையும் கும்பிட்டுக்கலாம். பல்லை நசுக்கினா கண்ணுல காரம் ஏறணும். புகை போட்டு வச்ச கட்டா இருந்தா மாசக்கணக்குல கெடாது. பூம்பாறை, மன்னவனூர் இருக்கிற மேமலையில பெரிய ஓட்டல் தேடாதீங்க. காலையில போகும்போதே டீக்கடையில சொல்லிட்டுப் போனா, மன்னவனூர் பாத்துட்டுத் திரும்புறதுக்குள்ள உருளைக்கிழங்குப் பொரியலும் பீன்ஸும் போட்டு ஒரு சாப்பாடு தயாரா வச்சிருப்பாங்க.

பழத்துக்கு மாசம் இருக்கு. பிளம்ஸ்னா மே, ஜூன். பேரிக்காய்னா ஜூலை, ஆகஸ்ட். மத்த மாசத்துல தட்டுல அடுக்கியிருக்கிற ஆப்பிள் எங்க மலையில காய்ச்சது இல்ல, என் வண்டியில வந்தது. எந்த மாசமும் வாங்கலாம்னா கீழ்மலை மலைவாழை: பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்குள்ள விளையுறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போற சாதியும் அதுல உண்டு. தோல் கறுத்துச் சுருங்கியிருந்தா ஒதுக்காதீங்க, அப்பத்தான் இனிப்பு.

பூண்டையும் பழத்தையும் ஒரே பையில கட்டாதீங்க. பூண்டுக் கட்டை டிக்கியில போட்டுட்டு, பழத்தைப் பின்சீட்டுல வச்சுக்குங்க. இறங்கி வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள சரியாப் பசிக்கும். திண்டுக்கல் வரைக்கும் பொறுத்தீங்கன்னா சீரகச் சம்பா பிரியாணி. இப்ப தாராளமா சாப்பிடலாம், இனிமே வளைவு இல்ல.