நெல் விதைநேர்த்திக்குச் சூடோமோனாஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் உரம் இல்லை, ரசாயன மருந்தும் இல்லை. வேரை ஒட்டிய மண்ணில் இயல்பாகவே வாழ்ந்து, நோய்ப் பூஞ்சையிடமிருந்து பயிரைக் காக்க உதவும் பாக்டீரியா அது. கடையில் விற்கும் பொடியில் பெரும்பங்கு டால்க் என்ற வெள்ளைக் கல்தூள்தான். நமக்கு வேண்டியது அதில் உயிரோடு இருப்பவை. ஆகவே பாக்கெட்டைப் புரட்டி விலையைத் தேடும் முன் தயாரித்த தேதியைப் பாருங்கள். நாலு மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். வாங்கியதை நிழலில் வையுங்கள்.

முதல் நாள் மாலை: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி, ஒரு லிட்டர் தண்ணீர். 20 கிலோ விதை என்றால் 200 கிராம். கிணற்றுத் தண்ணீர் நல்லது, குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீரில் பதர் நீக்குபவர்கள் அதை முன்பே முடித்து, விதையை நன்றாக அலசிவிடுங்கள். பொடி அடியில் தங்கினால் போலிச் சரக்கு என்று பதற வேண்டாம், டால்க் கரையாது. கிளறிவிட்டு விதையைக் கொட்டி இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

மறுநாள்: தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி 24 மணி நேரம் மூட்டம் போடுங்கள், அதாவது முளைவிட மூடி வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் விதைக்கலாம்.

நடவு நாளில்: வயலோரம் 10 சதுர மீட்டர் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு 1 கிலோ பொடியைக் கலக்குங்கள். பறித்த நாற்றின் வேர் அதில் அரை மணி நேரம் நனையட்டும். நட்ட 30ஆம் நாள் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து வயலில் தூவுங்கள்.

இத்தனை தடவை எதற்கு? நோய்ப் பூஞ்சைக்கு முன்னால் இது வேரில் இடம்பிடிக்க வேண்டும். பேருந்தில் துண்டு போடுகிற கதைதான். மண்ணிலுள்ள இரும்புச்சத்தைக் கவர்ந்து பூஞ்சையைப் பட்டினி போடும். அதற்குச் சுரக்கும் மஞ்சள்பச்சை நிறமி புற ஊதா வெளிச்சத்தில் ஒளிர்வதால்தான் ‘புளோரசன்ஸ்’ என்ற பெயர். பூஞ்சையைக் கொல்லும் பொருள்களையும் சுரக்கும், பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும்.

பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினையோ செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்சிகுளோரைடையோ இதனுடன் கலந்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா அங்கேயே செத்துவிடும். நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலை நோய் வயலில் பரவிய பிறகு இந்தப் பொடியை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது; அப்போது வேளாண் அலுவலரிடம் இலையைக் காட்டிவிடுங்கள்.