பழைய காரின் சஸ்பென்ஷன்: மாற்ற முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் சாலையில் எத்தனை வாய்க்கால்கள் குறுக்கிடுகின்றன என்பதைக் கண்ணால் எண்ணியவர்கள் குறைவு. பன்னிரண்டு ஆண்டு ஓடிய காரில் அந்த வழியே போய்வந்தவர்களோ ஒவ்வொரு பாலத்தையும் முதுகுத்தண்டால் எண்ணியிருப்பார்கள். டெல்டாவின் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊறிப் பெருகும். வாய்க்காலின் மேலுள்ள கான்கிரீட் பாலம் அசையாமல் நிற்க, அதன் இருபக்கமும் கொட்டிய மண் மட்டும் இறங்கிவிடுவதால், ஏறும்போது ஒரு குத்தும் இறங்கும்போது ஒரு குத்தும் வண்டிக்கு விழுகின்றன. சம்பா அறுவடை நாட்களில் வயலிலிருந்து சாலைக்கு ஏறும் இயந்திரங்களும், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்ற வரும் லாரிகளும் விட்டுச்செல்லும் பள்ளங்கள் வேறு. இப்படிப்பட்ட சாலைகளில் ஓடி வயதான காரின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் அமைப்பை, புதுப்பிப்பதா, இப்படியே ஓட்டிவிடுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது என்பது என் எண்ணம். பட்டறையில் நடக்கும் தவறுகள் அதற்கு அடுத்தபடிதான்.

கீழேயிருந்து வரும் எல்லாச் சத்தத்துக்கும் ‘ஷாக் போயிடுச்சு’ என்று ஒரே பெயர் வைத்துவிடுவது முதல் தவறு. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காதபடி, தன்னுள் இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, அந்தத் துள்ளலை வெப்பமாக மாற்றித் தணிப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே ஷாக் தளர்ந்த வண்டியில் பெரும்பாலும் முதலில் தெரிவது அலைச்சல்தான். பாலத்தில் ஏறி இறங்கிய பிறகு வண்டி ஒரே மூச்சில் அமராமல் படகுபோல் இரண்டு மூன்று முறை மிதக்கும்; பிரேக் பிடித்தால் முன்பக்கம் வழக்கத்தைவிட ஆழமாகக் குனியும்; வேகமான வளைவில் பின்பக்கம் ஒதுங்குவதுபோல் தோன்றும். ‘டக் டக்’, ‘லொட லொட’ என்ற ஓசைகளோ பெரும்பாலும் லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கை சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்), ஸ்ட்ரட் மவுன்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் தாங்கி) போன்ற விலை குறைந்த பாகங்களிலிருந்து கிளம்புகின்றன.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். என்னுடையது 2009ஆம் ஆண்டு மாடல் சிறிய கார். முன்பக்கம் சத்தம் வருகிறதென்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனபோது, வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் முன் ஷாக் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அன்று மாலை நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்து, தண்டவாளத்தை மெதுவாகக் கடந்தபோது, அதே ‘டக் டக்’ அதே இடத்திலிருந்து கேட்டது. பத்து நாள் கழித்து வேறொரு மூத்த மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து, நீண்ட லிவர் ஒன்றை லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி நெம்பினார். “இங்க பாருங்க சார், புஷ்ஷு வாயப் பொளந்துகிட்டு நிக்குது” என்றார். பிறைநிலாபோல் கிழிந்திருந்த அந்த ரப்பருக்குள் என் சுண்டுவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. மறுபக்க லிங்க் ராடின் முனையைக் கையால் ஆட்டியதும் சலங்கைபோல் குலுங்கியது. “ஷாக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். பழச வாங்கி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். நான் வாங்கி வைக்கவில்லை. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்காமல் வருவதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டிய தவறுதான். மாற்றிய பொருள் உண்மையில் கெட்டிருந்ததா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பாதி வேலை முடிந்ததுபோல. மெதுவான வேகத்தில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் வறண்ட தட்டல் பெரும்பாலும் லிங்க் ராடுடையது. பிரேக் பிடிக்கும்போதும் கிளட்சை விட்டு நகரும்போதும் ஒரே ஒரு முறை ‘டொக்’ என்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லலாம், கூடவே எஞ்சின் மவுன்ட்டையும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுவதுபோல் அதிர்ந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டிலுள்ள பேரிங் மீது சந்தேகம் வர வேண்டும். மேடுபள்ளத்தில் வரும் சத்தம், பிரேக்கை இலேசாக மிதித்தவுடன் நின்றுவிட்டால் அது பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஆடும் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் தொடர்பில்லை. இத்தனைக்கும் முன்னால் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. சிரிக்க வேண்டாம்; நிறையப் பேர் அதற்காகவே பட்டறைக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. “நாற்பதாயிரம்கூட ஓடவில்லை, அதற்குள் சஸ்பென்ஷன் போகுமா?” என்று கேட்பவர்கள் ரப்பரை மறந்துவிடுகிறார்கள். புஷ், மவுன்ட், சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டின் மேலுறை ஆகிய எல்லாமே ரப்பர்தான். ஓடினாலும் நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் அது காய்ந்து வெடிக்கும். பதினான்கு வருடம் கொட்டகையில் நின்ற கார், ஏழு வருடம் தினமும் ஓடிய காரைவிட மோசமான புஷ்களோடு இருக்கக்கூடும். பால் ஜாயின்ட்டின் உறை கிழிந்து, ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரும் சேறும் உள்ளே போய்விட்டால், அதிலுள்ள கிரீஸ் கரைந்து, மிச்ச ஆயுள் மாதக்கணக்கில்தான்.

மட்கார்டின் மேல் கையை ஊன்றி அழுத்திவிட்டு, ‘ஒரு தரம்தான் துள்ளுது, ஷாக் நல்லா இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்வது நம் ஊரில் வழக்கம். முற்றாகச் செத்துப்போன ஷாக்கைத்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாதி வலுவிழந்தது அதில் தேறிவிடும். ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதி நனைந்திருந்தால் மட்டுமே அது முடிந்த கதை. டயரைத் தடவிப் பார்ப்பது இதைவிட நம்பகமானது: வட்டத்தில் சீரான இடைவெளியில் மேடும் குழியுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கையோ சக்கர பேலன்ஸையோ சந்தேகிக்கலாம், உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோண ஒழுங்கு) தளர்ந்த புஷ்களும் காரணமாகலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். காய்ந்து இறுகிப்போன அப்படியொரு டயரில், காற்றும் அளவுக்கு மேல் அடித்துக்கொண்டு, ‘வண்டி தூக்கிப் போடுகிறது’ என்று சஸ்பென்ஷனைக் குறை சொல்வது நியாயமாகாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உட்புறத்தில் பெரும்பாலும் காற்றழுத்த அளவு ஒட்டப்பட்டிருக்கும். செலவில்லாத அந்தச் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு தவறைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் நீர் நிற்கும், பாலத்துக்குப் பாலம் வண்டியின் வயிறு உரசும் என்பதால், பழைய ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர்களைச் செருகி வண்டியை உயர்த்திக்கொள்கிறார்கள். சில நிமிட வேலை, செலவும் குறைவு, வண்டியும் நிமிர்ந்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஃபர் செருகிய இடத்தில் அந்தச் சுற்று வேலை செய்வதில்லை. மற்ற சுற்றுகளே முழுச் சுமையையும் வாங்குகின்றன. ஸ்பிரிங் இறுகிவிடுவதால், ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் அந்தத் துள்ளலை அடக்க முடிவதில்லை. அதைவிட முக்கியமாக, ஸ்பிரிங் ஏன் தாழ்ந்தது என்ற கேள்வியே மறைந்துபோகிறது. மாதந்தோறும் ஊரிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கைப் பின்னால் போட்டுக்கொண்டு, ஐந்து பேர் ஏறி வருகிற வண்டியில் ஸ்பிரிங் தாழ்வது இயல்பு. சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஒரு சுற்று உடைந்திருக்கிறது. உடைவது பெரும்பாலும் ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் அமரும் கடைசிச் சுற்றில்தான். சேறும் ஈரமும் தங்கி, பெயின்ட் உரிந்து, துரு பிடிக்கும் இடம் அது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் கார்களில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

இனி, எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கேள்வி. ‘முழு செட்டையும் மாத்திடுங்க’ என்பதும், ‘சத்தம் வர்றத மட்டும் பாருங்க’ என்பதும் இரண்டு எதிரெதிர்த் தவறுகள். பால் ஜாயின்ட்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராட் எண்டும் உங்கள் வசதியைப் பொறுத்தவை அல்ல. அவை கழன்றால் சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். முன்சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் டை ராடின் ஆட்டமும், மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட் அல்லது சக்கர பேரிங்கின் ஆட்டமும் தெரியும். ஆட்டம் இருந்தால் அடுத்த மாதம் விற்கப்போகும் வண்டியானாலும் மாற்றியே தீர வேண்டும், வாங்குபவரும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டுதான் ஓட்டப்போகிறார். கிழிந்த புஷ்ஷும் உடைந்த ஸ்பிரிங்கும் அடுத்த நிலை. அலையும் ஷாக் வெறும் சொகுசுக் கேள்வி என்று தள்ளிப்போடுவோர் உண்டு. டயர் சாலையை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக்குக்குப் பிடிமானம் இல்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இருந்தாலும் அதற்குச் சில வார அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். இலேசாக வெடித்திருந்தாலும் உள்ளே உறுதியாக இருக்கும் புஷ்ஷை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைப்பதில் பிழையில்லை.

வண்டியை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் செலவில் இறங்குவது, நான் கண்டவரை மிகப் பெரிய இழப்பைத் தருகிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்காம் ஆண்டில் சஸ்பென்ஷனுக்குப் பெருந்தொகை போட்டுவிட்டு, பதினைந்தில் அடித்தளமே துருப்பிடித்திருப்பதைக் கண்டு விற்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரட் பொருந்தும் மேல்தகடும் லோயர் ஆர்ம் பிடிக்கும் இடமும் அரித்துப்போயிருந்தால் புதுப் பாகங்களை மாட்டிப் பயனில்லை. தகட்டைப் பார்த்த பிறகே பாகங்களின் விலையைக் கேளுங்கள். அதே நேரம், ‘வண்டியின் விலையே இவ்வளவுதான், அதற்கு இவ்வளவு செலவா?’ என்ற கணக்கும் முழுக்கச் சரியில்லை. எஞ்சினும் தகடும் நன்றாக இருந்து, நான்கைந்து ஆண்டு ஓட்டும் எண்ணமும் இருந்தால், அந்தச் செலவைப் புதுக் காரின் சில மாதத் தவணையோடுதான் ஒப்பிட வேண்டும்.

மாற்றுவதென்று முடிவான பிறகும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, முன் இரண்டும் அல்லது பின் இரண்டும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே பழைய மவுன்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அழுந்தும்போது மோதலைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அவற்றுக்காக மீண்டும் அதே கூலியைக் கொடுக்க நேரும். டப்பாவில் கம்பெனி பெயர் இருப்பதால் மட்டும் பொருள் அசலாகிவிடாது, பில் தரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

பெரும்பாலான பட்டறைகளில் தவறுவது ஒரு விஷயத்தில்தான். லோயர் ஆர்மை மாட்டி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ்ஷின் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலெழும்ப, போல்ட்டோடு பிடிபட்ட ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கிறது. புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்கும், ‘பார்ட்ஸ் சரியில்ல’ என்று பழி விழுவதற்கும் இதுவே காரணம். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யப் பள்ளம் வெட்டியிருக்கும் பட்டறையில் இது எளிது. இல்லாவிட்டால், லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, முன்பு டேப் பிடித்து எழுதிவைத்த உயரம் வரும்வரை ஏற்றிவிட்டு இறுக்கலாம். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். தளர்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்துவிட்டு அடுத்த வாரம் புஷ் மாற்றினால், முதலில் கொடுத்த பணம் வாய்க்காலில் விட்டதுதான்.